வேலையை விட்டு எம்.இ. நெட்வொர்க்ஸ் சேர்ந்தேன்: இரண்டரை வருடக் கணக்கு

2016 ஜூலை கடைசியில் ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டு, சென்னையில் நாலு வருடம் நைட் ஷிஃப்ட் பார்த்த அலுவலகத்தை விட்டு வெளியே வந்தேன். நெட்வொர்க் ஆபரேஷன்ஸ் சென்டரில் வேலை, கைக்கு வந்த சம்பளம் 21,000 ரூபாய். திரையில் ஒரு லிங்க் (இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள நெட்வொர்க் இணைப்பு) சிவப்பாக மாறினால் டிக்கெட் போட வேண்டும், அதாவது பழுதைப் பதிவு செய்ய வேண்டும், சம்பந்தப்பட்டவர்களுக்குப் போன் செய்ய வேண்டும், பச்சையாக மாறியதும் டிக்கெட்டை மூட வேண்டும். லிங்க் ஏன் விழுந்தது, பாக்கெட் (தரவைப் பிரித்து அனுப்பும் சிறு துண்டு) ஏன் தாமதமாகிறது என்று கேட்டால், "அதை மேலே இருக்கும் டீம் பார்த்துக்கொள்ளும்" என்பார்கள். அந்த 'ஏன்' எனக்குத் தெரிய வேண்டும் என்ற ஆசையில்தான் எம்.இ. சேர்ந்தேன். ஆசையில் தப்பில்லை. சேர்ந்த விதத்தில்தான் தப்பு செய்தேன். அப்போது யாராவது உட்கார வைத்து நாலு விஷயம் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ மிச்சமாகியிருக்கும். எங்கள் வீட்டில் எம்.இ. வரை படித்தவர்கள் கிடையாது. கேட்க ஆளில்லை.

முதல் தப்பு, முதுநிலைப் பொறியியலுக்கான தேசிய அளவிலான கேட் தேர்வு எழுதாமல் சேர்ந்தது. தமிழ்நாட்டு நுழைவுத் தேர்வான டான்செட் எழுதினேன், கவுன்சலிங் போனேன், சென்னைக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் நெட்வொர்க்ஸ் சிறப்புப் பாடத்துடன் எம்.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்தது. அதுவே போதும் என்று இருந்துவிட்டேன். வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணும் என்னைப் போலவே டான்செட் மதிப்பெண்ணில்தான் சேர்ந்தாள். ஆனால் அவளிடம் அந்த வருட கேட் ஸ்கோர் கார்டும் இருந்தது. தேர்ச்சி மட்டும்தான், பெரிய ரேங்க் ஒன்றும் இல்லை. அவளுக்கு ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) உதவித்தொகையாக மாதம் 12,400 ரூபாய் வந்தது. நான் முதல் செமஸ்டர் முடிவதற்குள் எழுதிவிடலாமா என்று கல்லூரி ஆபீஸில் விசாரித்தேன். சேரும்போது கையில் ஸ்கோர் இருந்திருக்க வேண்டும், பிறகு எழுதினால் கணக்கில் வராது என்று சொல்லிவிட்டார்கள். 24 மாதத்துக்குக் கூட்டிப் பார்த்தால் 2,97,600 ரூபாய். ஒரு தேர்வை எழுதாததால் போன பணம் அது. ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து அந்தத் தொகையைப் பேப்பரில் எழுதிப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

அதனால் எம்.இ. யோசனை இருப்பவர்கள் ஒரு வருடம் முன்னாலேயே தொடங்குங்கள். கேட்டுக்கு விண்ணப்பம் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் வரும், தேர்வு பிப்ரவரியில். ஸ்கோர் மூன்று வருடம் செல்லும், எனவே வேலையில் இருக்கும்போதே எழுதி வைத்துக்கொள்ளலாம். நெட்வொர்க்கிங் என்று தனித்தாள் கிடையாது. கம்ப்யூட்டர் சயின்ஸ் தாளில் அது ஒரு பகுதிதான், கூடவே அல்காரிதம், ஆபரேட்டிங் சிஸ்டம், கணிதம் எல்லாம் படித்தாக வேண்டும். நான் பி.இ.யில் இ.சி.இ. படித்தவள் என்பதால் அதை நினைத்தே பயந்து ஒதுங்கினேன். பயந்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எம்.இ. சேர 2023 முதல் டான்செட்டுக்குப் பதில் சீட்டா-பி.ஜி. என்ற தேர்வு நடக்கிறது. அதை எழுதினாலும் கேட்டையும் சேர்த்து எழுதுங்கள். உதவித்தொகைக்கு உங்கள் பெயரில் மட்டும் இருக்கும், ஆதார் இணைத்த சேமிப்புக் கணக்கு வேண்டும். அப்பாவோடு சேர்ந்த ஜாயின்ட் அக்கவுன்ட் கொடுத்து மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சேர்க்கை நாளன்று பத்தாம் வகுப்பு முதல் பி.இ. பட்டம் வரை எல்லா அசல் சான்றிதழ்களையும் கல்லூரியில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். வழக்கம்தானே என்று கொடுத்துவிட்டேன். இரண்டாம் வருடத்தில் ஒரு நல்ல நேர்காணலுக்கு அசல் கேட்டபோது, மீதி ஃபீஸைக் கட்டினால்தான் தருவோம் என்றார்கள். அந்த நேர்காணலுக்கு நான் போகவே இல்லை. 2018 அக்டோபரில் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) வெளியிட்ட அறிவிப்பின்படி, அசலைச் சரிபார்த்துவிட்டு அப்போதே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், கல்லூரி நகலைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு போங்கள். குரலை உயர்த்தாமல், எழுத்தில் கேளுங்கள்.

முதல் இரண்டு செமஸ்டர் பாடங்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. படித்தேன், எழுதினேன், அரியர் இல்லை. லேபில் இரண்டு ரவுட்டரும் ஒரு நெட்வொர்க் ஸ்விட்சும் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி இருந்தன. இரண்டு வருடத்தில் ஒருநாள்கூட அவற்றில் விளக்கு எரிந்து நான் பார்த்ததில்லை. கவுன்சலிங்குக்கு முன்னால் கல்லூரியை நேரில் போய்ப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும். நீங்கள் போனால் கட்டடத்தைப் பார்க்க வேண்டாம். நெட்வொர்க் லேப் எது என்று கேட்டு உள்ளே போங்கள், அங்கே படிக்கும் சீனியரிடம், "இந்த செமஸ்டர்ல இந்த ரவுட்டரைத் தொட்டீங்களா?" என்று கேளுங்கள். அப்புறம் ஆசிரியர்களில் யார் நெட்வொர்க்கிங்கில் உண்மையாக வேலை செய்கிறார்கள், ஒருவர் எத்தனை மாணவர்களுக்கு கைடு என்று விசாரியுங்கள். பட்டத்தின் பெயரில் நெட்வொர்க்ஸ் இருக்கும், துறையில் அதைத் தெரிந்த ஒருவர்கூட இருக்க மாட்டார்.

அடுத்து ப்ராஜெக்ட். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் இதற்காகத்தான் இந்தக் கட்டுரையே.

மூன்றாம் செமஸ்டரில் முதல் கட்டம், நான்காம் செமஸ்டரில் இரண்டாம் கட்டம் என்று ப்ராஜெக்ட் இரண்டாகப் பிரிந்திருக்கும். எனக்கு ஒதுக்கிய கைடுக்கு ஏற்கெனவே கை நிறைய மாணவர்கள். "ஒரு பேஸ் பேப்பர் எடுத்துட்டு வாம்மா" என்பதோடு பேச்சு முடிந்தது. பேஸ் பேப்பர் என்றால் ப்ராஜெக்ட்டுக்கு அடிப்படையாக வைத்துக்கொள்ளும், ஏற்கெனவே வெளியான ஆய்வுக் கட்டுரை. வகுப்பில் பாதிக்கு மேல் பணம் வாங்கிக்கொண்டு ப்ராஜெக்ட் செய்து கொடுக்கும் ப்ராஜெக்ட் சென்டருக்குப் போனார்கள். நானும் 2017 செப்டம்பரில் போனேன். மாடிப்படி ஏறியதும் சுவரெங்கும் ஐ.இ.இ.இ. என்ற சர்வதேசப் பொறியாளர் அமைப்பின் ஆய்வுக் கட்டுரைத் தலைப்புகளின் பட்டியல், உள்ளே வரிசையாகக் கம்ப்யூட்டர்கள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் என்னைப் போல ஒருவர். அங்கிருந்தவர், "மேடம், மொபைல் அட்ஹாக் நெட்வொர்க், ஏ.ஓ.டி.வி. ரவுட்டிங்ல பிளாக்ஹோல் அட்டாக். கோடு, ரிப்போர்ட், பிபிடி, ஜர்னல் பப்ளிகேஷன் எல்லாம் சேர்த்து 22,000" என்றார். வயரில்லாமல் கருவிகள் தங்களுக்குள்ளேயே அமைத்துக்கொள்ளும் நெட்வொர்க்கில் பாக்கெட்டுக்கு வழி தேடும் முறை ஏ.ஓ.டி.வி., வரும் பாக்கெட்டை விழுங்கிவிடும் தாக்குதல் பிளாக்ஹோல். முன்பணம் 12,000 கொடுத்தேன், டிசம்பரில் மீதி 10,000. ஜர்னலுக்கென்று பிறகு தனியாக 3,500 வாங்கினார்கள். மூன்றே நாளில் வெளியானது. மூன்று நாளில் ஒரு கட்டுரையை யார் படித்து, யார் திருத்தியிருப்பார்கள் என்ற கேள்வி அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

கொடுத்தது, நெட்வொர்க்கைக் கம்ப்யூட்டருக்குள் போலியாக ஓட்டிப் பார்க்கும் என்எஸ்-2 சிமுலேட்டரில் எழுதிய கோடு (நிரல்). அந்த மென்பொருளின் கடைசி வெளியீடான 2.35 வந்தது 2011இல். என் லேப்டாப்பில் இருந்த புதிய உபுண்டுவில் அது கம்பைல்கூட ஆகவில்லை. 'எரேஸ்' என்ற சொல் அறிவிக்கப்படவில்லை என்று பிழை காட்டி நின்றது. லிங்க்ஸ்டேட் என்ற ஃபோல்டருக்குள் போய், ஒரு ஹெடர் ஃபைலின் 137ஆவது வரியில் அந்தச் சொல்லுக்கு முன்னால் 'திஸ்' என்று சேர்த்தால் சரியாகிவிடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு நாள் ஆனது. சென்டரில் கேட்டபோது, "பழைய உபுண்டு போட்டுக்கோங்க மேடம்" என்றார்கள்.

2018 பிப்ரவரியில் ரிவ்யூ. என் கைடு இல்லாமல் வேறொரு பேராசிரியர் குழுவில் உட்கார்ந்திருந்தார். நான் படம் காட்டி, பாக்கெட் டெலிவரி ரேஷியோ (போய்ச் சேர்ந்த பாக்கெட்டுகளின் விகிதம்) உயர்ந்திருக்கிறது, தாமதம் குறைந்திருக்கிறது என்று மனப்பாடமாகச் சொன்னேன். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, "நோடு 50 வச்சிருக்கே இல்ல, அதை 80 ஆக்கி இங்கேயே ஓட்டிக் காட்டும்மா" என்றார். மாற்றி ஓட்டினேன். அனிமேஷனில் நோடுகளை (நெட்வொர்க்கில் உள்ள கருவிகளை) காட்டும் புள்ளிகள் கூடின. கிராஃப் வந்தது. முன்பு இருந்த அதே வளைவு, ஒரு புள்ளிகூட நகரவில்லை. இன்னொரு தரம் ஓட்டச் சொன்னார். அதேதான். "இந்த கிராஃப் எந்த ஃபைல்ல இருந்து வருதுன்னு பார்த்துட்டு நாளைக்கு வா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். கத்தவில்லை, மற்றவர்கள் முன்னால் என்னை அவமானப்படுத்தவும் இல்லை. அது பெரிய மனசு என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அன்று ராத்திரி அந்த ஃபோல்டரை ஒவ்வொரு ஃபைலாகத் திறந்தேன். சிமுலேஷன் முடிந்ததும் டிரேஸ் ஃபைல் ஒன்று உருவாகும், ஒவ்வொரு பாக்கெட்டும் எப்போது கிளம்பியது, எப்போது போய்ச் சேர்ந்தது, எங்கே விழுந்தது என்று வரி வரியாக அதில் இருக்கும். அதைப் படித்துக் கணக்கிட்டுத்தான் கிராஃப் போட வேண்டும். என் கோடில் அந்த டிரேஸ் ஃபைலை எதுவுமே படிக்கவில்லை. கிராஃப் வந்தது வேறொரு சின்ன ஃபைலிலிருந்து. அதற்குள் இரண்டு நெடுவரிசையில் எண்கள், யாரோ கையால் அடித்து வைத்தவை. 10க்கு நேராக 82, 20க்கு நேராக 86, 30க்கு நேராக 91. அவ்வளவுதான். ஐந்து மாதமாக நான் முடிவு என்று சொல்லிக்கொண்டு திரிந்தது அந்த எண்களைத்தான். ரூமில் மற்ற இருவரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் லேப்டாப்பை மூடிவிட்டு வராந்தாவில் போய் நின்று அழுதேன். பணம் போனது ஒரு பக்கம். 'ஏன்' என்று தெரிந்துகொள்ள வேலையை விட்டு வந்தவள், ஒருமுறைகூட அந்த ஃபோல்டரைத் திறந்து பார்க்காமல் இருந்திருக்கிறேனே என்பதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

மறுநாள் போய் உள்ளதை உள்ளபடி சொன்னேன். பேராசிரியர் கேட்டது ஒன்றே ஒன்று: "மே மாசம் இதையே கொடுத்து பாஸ் ஆகணுமா, இல்ல ஆறு மாசம் தள்ளிப்போனாலும் சொந்தமா ஒண்ணு செய்யணுமா?" வீட்டுக்குப் போன் செய்தேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "ஆறு மாசம்னா ஆறு மாசம். எதுவா இருந்தாலும் உனக்குத் தெரிஞ்சு செய்யி தாயி" என்றார்.

பேராசிரியர் எனக்கு முதலில் கொடுத்தது அமெரிக்க நெட்வொர்க் ஆய்வாளர் வான் ஜேக்கப்சன் 1988இல் எழுதிய நெரிசல் கட்டுப்பாடு பற்றிய கட்டுரை. 1986 அக்டோபரில் அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, வெறும் 400 கெஜ தூரத்தில், விநாடிக்கு 32,000 பிட் போன இணைப்பு 40 பிட்டாக விழுந்தது. அது ஏன் என்று ஜேக்கப்சனும் அவருடன் இருந்தவர்களும் அளந்து பார்த்ததிலிருந்துதான், தரவு பத்திரமாகப் போய்ச் சேர இன்று நம் போனில் ஓடும் டி.சி.பி. என்ற நெறிமுறையின் நெரிசல் கட்டுப்பாடு வந்தது. படித்ததும் என் பழைய அலுவலகத்துச் சிவப்பு விளக்குகள் ஞாபகம் வந்தன. நான் தேடியது இதைத்தான். அதே ஜேக்கப்சன், கேத்லீன் நிக்கோல்ஸுடன் சேர்ந்து 2012இல் கோடெல் என்ற முறையைக் கொண்டுவந்தார். ரவுட்டருக்குள் பாக்கெட்டுகள் அளவுக்கு மீறித் தேங்கிக் கிடப்பதால் வரும் தாமதத்தைக் குறைக்கும் வழி அது. அதன் விரிவான வடிவமான எஃப்.க்யூ.-கோடெல் 2018 ஜனவரியில், ஆர்.எஃப்.சி. 8290 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளியாகியிருந்தது. நான் கையில் எடுத்தது மார்ச்சில். ஆர்.எஃப்.சி. ஆவணங்கள் எல்லாமே இலவசம், பெரும்பாலும் நெறிமுறையை உருவாக்கியவர்களே எழுதியவை. ஏ.ஓ.டி.வி.கூட ஆர்.எஃப்.சி. 3561இல் முழுதாக இருக்கிறது. அதை ஒருமுறை படித்திருந்தாலே சென்டரில் நான் நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

செலவு பெரிதாக ஆகவில்லை. லேபில் ஓரமாகக் கிடந்த இரண்டு பழைய கம்ப்யூட்டர்களைக் கேட்டு வாங்கினோம். சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய் ஒன்று 350 ரூபாய் என்று இரண்டு லேன் கார்டு வாங்கி வந்தேன். ஒன்றை விநாடிக்கு 10 மெகாபிட் வேகத்துக்கு மட்டுப்படுத்திய ரவுட்டர் ஆக்கினேன், இன்னொன்றில் 30 மில்லிசெகண்ட் தாமதம் வைத்தேன். இரண்டு முனையிலும் லேப்டாப். முதலில் தாமதத்தையும் பாக்கெட் வரிசைக் கட்டுப்பாட்டையும் ஒரே இன்டர்பேஸில் (நெட்வொர்க் போர்ட்டில்) வைத்துவிட்டேன். எண்கள் தாறுமாறாக வந்தன, பன்னிரண்டு நாள் போனது. இரண்டையும் தனித்தனி கம்ப்யூட்டரில் வைத்த பிறகுதான் சரியானது. அப்புறம் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் ஒயர்ஷார்க் மென்பொருளில் பார்த்தால் 1500 பைட்டுக்கு மேல் போகக் கூடாத பாக்கெட் 20,000 பைட் என்று காட்டியது. லேன் கார்டும் லினக்ஸும் சேர்ந்து பாக்கெட்டுகளை ஒட்டி அனுப்புகின்றன, அந்த ஆஃப்லோடு வசதியை நிறுத்திவிட்டு அளக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இன்னொரு வாரம் ஆனது.

பிறகு வந்தது அந்த நாள். லிங்க் சும்மா இருக்கும்போது பிங் (ஒரு பாக்கெட் போய்த் திரும்பும் நேரம்) 31 மில்லிசெகண்ட். ஐபெர்ஃப் என்ற சோதனை மென்பொருளை வைத்து லிங்க்கை நிரப்பியதும் 200, 500, 900 என்று ஏறி 1,200 பக்கம் போய் நின்றது. நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். வரிசையில் 1000 பாக்கெட், ஒன்று 1500 பைட், மொத்தம் 1.2 கோடி பிட். விநாடிக்கு ஒரு கோடி பிட் போகும் லிங்க்கில் அது வடிய 1.2 விநாடி. திரையில் இருந்த எண்ணும் தாளில் இருந்த எண்ணும் பொருந்தின. எஃப்.க்யூ.-கோடெலுக்கு மாற்றியதும் அதே சுமையில் பிங் 40க்குள் இறங்கியது. எத்தனை பேர் எத்தனையோ முறை கண்ட முடிவுதான், ஆனால் என் கையால் அளந்தது. ஒவ்வொரு நிலையையும் 30 முறை ஓட்டி, சராசரியோடு எவ்வளவு ஏற்ற இறக்கம் என்பதையும் எழுதச் சொன்னார் பேராசிரியர். ஒரே ஒரு ஓட்டத்தின் எண்ணை முடிவு என்று எழுதாதீர்கள். சிமுலேஷன் செய்தாலும் அப்படித்தான், ரேண்டம் சீடை (தற்செயல் எண்களின் தொடக்க எண்ணை) மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். கம்ப்யூட்டர்கூட இல்லை என்றால் ஒரு லேப்டாப்புக்குள்ளேயே முழு நெட்வொர்க்கையும் உருவாக்கிக்கொள்ள மினிநெட் இருக்கிறது, சிமுலேஷனுக்கு என்எஸ்-3 இருக்கிறது. இரண்டும் இலவசம்.

நவம்பரில் ரிப்போர்ட் கொடுத்தேன், டிசம்பரில் வைவா முடிந்தது. ரிப்போர்ட்டை நீங்களே எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. யு.ஜி.சி.யின் 2018 விதிகளின்படி பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதத்தைத் தாண்டினாலே திருத்தித் திரும்பக் கொடுக்க வேண்டும், 60ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகலாம். சென்டர்களில் ஒரே ரிப்போர்ட் பத்துப் பேருக்குப் போகும்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். முப்பது மாதச் சம்பளம் 6,30,000 போனது. ஃபீஸ் இரண்டு வருடத்துக்கு 1,10,000. சென்டருக்கும் ஜர்னலுக்கும் 25,500. வராமல் போன உதவித்தொகை தனி. ஹாஸ்டலை இதில் சேர்க்கவில்லை. 2019 மார்ச்சில் ஓர் இணையச் சேவை நிறுவனத்தில் 34,000க்குச் சேர்ந்தேன். நேர்காணலில் எம்.இ. மதிப்பெண்ணை யாரும் கேட்கவில்லை. அந்த இரண்டு கம்ப்யூட்டர் அமைப்பைப் பலகையில் வரையச் சொல்லி முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார்கள். நேர்மையாகச் சொன்னால், வேலைக்காக மட்டும் என்றால் சி.சி.என்.ஏ.யும் (சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழ்) லினக்ஸும் பைத்தானும் கற்றுக்கொண்டு வேலையில் இருந்தபடியே இந்தச் சம்பளத்துக்கு வந்திருக்கலாம். ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டெல். இணையப் பாடங்களை இலவசமாகவே பார்க்கலாம், தேர்வு எழுதினால்தான் கட்டணம். பொறியியல் கல்லூரி ஆசிரியர் வேலைக்கு எம்.இ. கட்டாயம் வேண்டும். அப்படிப் போக நினைப்பவர்கள், சேரும் பட்டத்தின் பெயர் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். பெயரில் ஒரு சொல் மாறியதால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு அலைந்த தோழி எனக்கு உண்டு. ஆராய்ச்சியில்தான் மனசு என்றால் ஐ.ஐ.டி.களில் ஆராய்ச்சி வழி எம்.எஸ். என்று ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி நான் கேள்விப்பட்டதே இரண்டாம் வருடத்தில்தான்.

அந்த இரண்டு கம்ப்யூட்டர்களும் லேபிலேயே இருக்கின்றன. வேலைக்குச் சேர்ந்த வருடமே ஜூனியர் பெண் ஒருத்தி பேராசிரியரிடம் நம்பர் வாங்கிப் போன் செய்தாள். "அக்கா, ஒயர்ஷார்க்ல பாக்கெட் 1500க்கு மேல காட்டுது, கார்டு கெட்டுப்போச்சா?" என்று கேட்டாள். கார்டு நன்றாகத்தான் இருக்கிறது, ஆஃப்லோடை நிறுத்திவிட்டுப் பார் என்றேன். லைனிலேயே இருந்து நிறுத்திப் பார்த்தாள்.